தேயாத எருமைகள்

சூறாவளி அடித்த மறுவருசம் கல்முனையில் கட்டணம் கட்டிப் படிக்க யாரிடமும் காசு இல்லை. வணிக உயர்கல்வி நிலையத்தை மூடிவிடலாமா என்று நிர்வாகசபை யோசித்துக்கொண்டிருந்தபோது, சாகாமத்துப் பெரிய நிலக்காரரான தம்பிமுத்துப் போடியார் ஐந்து எருமைகளை நன்கொடையாகக் கொடுத்தார். அவருடைய மகன் அங்கேதான் கணக்கியல் படித்தான்.

"என்னட்டக் காசு இல்ல, மாடு இருக்கு. என்ட பட்டியிலேயே மேயட்டும். தயிரை வித்து வாத்திமாருக்குச் சம்பளம் குடுங்க" என்றார்.

நிலையத்தின் கணக்காளர் மசூருக்குத் தலையிடி தொடங்கியது. மேசைக்கும் கதிரைக்கும் கணக்கில் இடம் இருந்தது, எருமைக்கு இல்லை. வருசத்துக்கொருமுறை மட்டக்களப்பிலிருந்து வரும் கணக்காய்வாளர் நல்லரெத்தினத்திடம் கேட்டார்.

"நிலையான சொத்து. வருசாவருசம் கால்வாசி தேய்மானம் கழியுங்க."

"ஐயா, அதுகள் தேயல்ல. கொழுக்குதுகள்."

"கொள்கை எண்டாக் கொள்கைதான், மசூர்."

மசூர் கழித்தார். எருமைகளோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கன்று போட்டன. கன்றுகளை யாரும் விலைக்கு வாங்கவில்லை, ஆகவே அவற்றுக்குப் பெறுமதி இல்லை என்றார் நல்லரெத்தினம். தயிர்க் காசில் இரண்டு விரிவுரையாளர்கள் சம்பளம் எடுத்தார்கள். நாலாம் வருசம் முடிந்தபோது, கணக்கின்படி பட்டியின் பெறுமதி முழுக்கத் தேய்ந்து, பெயருக்கு ஒரு ரூபாய்.

நிர்வாகசபைக் கூட்டத்தில் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியைப் பார்த்தார். அவர் அரிசி ஆலைக்காரர். மாட்டு வியாபாரமும் உண்டு. நிலையம் இருந்த கட்டடமும் அவருடையதுதான்.

"ஒரு ரூபாயா? நான் ரெண்டு ரூபா தாறன். நிலையத்துக்கு நூறு வீதம் லாபம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் இரண்டு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. கட்டடச் சொந்தக்காரரை யார் எதிர்த்துப் பேசுவது? மசூர் கணக்குப் புத்தகத்தை மூடினார். இரண்டு விரிவுரையாளர்களுக்கும் என்ன சொல்வது?

"ஹாஜியார், சொத்தை விக்கிறதுக்கு முதல்ல கணக்காய்வாளர் கண்ணால பாக்கணுமே" என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

நல்லரெத்தினத்தை வரவழைத்து, ஹாஜியாரின் ஜீப்பிலேயே மூவரும் சாகாமம் போனார்கள். குளத்திலிருந்து எருமைகள் சேறு சொட்டச் சொட்ட ஏறி வந்தன, ஒன்று, இரண்டு, பதினாலு. வெள்ளைக் காற்சட்டையோடு நின்ற நல்லரெத்தினம் வாய் பிளந்தார்.

"இதில தேஞ்சது எது, ஐயா?" என்று மசூர் கேட்டார்.

போடியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தயிர்ச்சட்டியை நீட்டினார். நல்லரெத்தினம் இனிப்புப் பாணி ஊற்றி ஒரு சட்டியை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"கொள்கையை மாத்துவம். உயிருள்ள சொத்துக்கு வருசாவருசம் சந்தை விலை."

"கொள்கை எண்டாக் கொள்கைதான் எண்டு நீங்கதானே செல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" ஹாஜியார் சீறினார்.

"பிழையெண்டு கண்டாத் திருத்துறதும் கொள்கைதான், ஹாஜியார்."

மசூர் மெல்லக் குறுக்கிட்டார். "சந்தை விலை எங்களுக்கென்ன தெரியும்? ஹாஜியாரைப்போல மாடு பாக்கிற ஆள் இந்தக் கரையிலேயே இல்லையே."

அந்த வார்த்தை போதும். ஹாஜியார் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டிக்குள் இறங்கினார். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், முதுகில் தட்டினார். "இது சும்மா மாடில்ல மனே, எழுதுங்க... இந்தக் கண்டு வளந்தா யானை, இன்னும் கூட்டி எழுதுங்க!" கோமாரி ஊர்ப் பக்கத்தில் இப்படியொரு மடியைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று போடியாரிடமே சவால் விட்டார். ஒவ்வொரு மாட்டுக்கும் விலை ஏறிக்கொண்டே போனது.

மசூர் கூட்டுத்தொகையை வாசித்தார். ஹாஜியார் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அல்லாவே! இந்த விலைக்கு எந்த மடையன் வாங்குவான்?"

ஒருவரும் வாங்கவில்லை. அந்த மதிப்பீட்டைப் பார்த்து வங்கி கடன் கொடுத்தது. ஆங்கிலம் படிப்பிக்க மூன்றாவது விரிவுரையாளர் வந்தார். மசூருக்கு அந்த வருசம்தான் நோன்புப் பெருநாளை நிம்மதியாகக் கொண்டாட முடிந்தது. அதன்பிறகு விலை மதிக்கும் நாளில் ஹாஜியார் கூப்பிடாமலே ஜீப்போடு வந்து நிற்பார். ஒரு வருசமாவது குறைத்துச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.