பிறந்தநாள் வட்டத்தில் ஒரு வைத்தியம்

இப்போதெல்லாம் ஒருவன் கஷ்டத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், ஊரில் இருக்கிறவன் எல்லாம் டாக்டராகிவிடுகிறான். முன்பெல்லாம் பேசாமல் ஒரு காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள். இப்போது எதையாவது அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வந்து நம் மண்டைக்குள் கையை விடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டுகிறது.

என் அண்ணன் மகன் ஹார்மன் ரயில் ஓட்டுகிறவன். நான் காலமெல்லாம் தண்டவாளத்தில் கல் கொட்டினேன், அவன் அதன்மேல் வண்டி ஓட்டினான். போன இலையுதிர் காலத்தில், மெப்பல் ஊருக்குத் தெற்கே, கேட் மூடியிருக்கும்போதே ஒரு இளம்பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். ரயில் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நாங்கள் ரோட்டில் கார்க்காரனிடம் காட்டுவோமே, ஒரு நிமிஷம் பொறு, போய்விடுகிறேன் என்று, அந்தக் கை. ரயில் அதற்கெல்லாம் நிற்குமா? ஹார்மன் பிரேக்கை முழுக்க இழுத்தும் வண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் செய்த முதல் காரியம் படம் பிடிக்கப் போனைத் தூக்கியதுதான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைதான் வரும்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் இல்லை. தெருவில் ஒரு குழந்தை கையாட்டினால் வியர்த்துக் கொட்டும். வேலை செய்யும் இடத்திலிருந்தே அவனை அனலீஸ் என்ற மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அந்த அம்மா முகத்துக்கு நேரே விரலை இடமும் வலமும் ஆட்டுவாராம். இவன் கண்ணாலேயே அதைத் தொடர வேண்டுமாம். செய்யச் செய்யக் காட்சியின் கூர் மழுங்குமாம். சந்தை வித்தை என்று நான் சிரித்தேன். ஆனாலும் பையன் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருந்தான். அடுத்து வந்த திங்கட்கிழமை சக ஓட்டுநர் ஒருவரின் பக்கத்தில் எஞ்சினில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. அது சரியாகப் போனால் மறுபடி ஓட்டலாம். போகாவிட்டால் ஆபீஸில் ஒரு மேஜை. அவனுக்கு அது உயிரோடு புதைப்பது மாதிரி.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவன் மனைவி மார்லூஸுக்குப் பிறந்தநாள். எங்கள் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அந்த வட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து போக வேண்டுமானால் மற்றவர்கள் எல்லாரும் முழங்காலை மடக்க வேண்டும். ஹார்மன் ஜன்னலோரம், கடைசி மூலையில் இருந்தான்.

எதிரே மார்லூஸின் தம்பி ரெம்கோ. சமையலறை அலமாரி விற்றுக்கொண்டிருந்தவன். சில வாரக் கடைசிகளில் ஏதோ வகுப்புக்குப் போனான். திரும்பி வந்து, வேன் மேல் 'மனக்காய நிபுணர்' என்று எழுதிக்கொண்டான். கேக்கை விழுங்கியதும் நாற்காலியை வட்டத்துக்கு நடுவே இழுத்துப் போட்டு ஹார்மனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அத்தான், அந்தம்மா மாசக்கணக்கா இழுக்கறதை நான் இந்தக் காப்பி ஆறதுக்குள்ள முடிச்சுடறேன். சும்மா விரலைப் பாருங்க.”

ஹார்மன் வேண்டாம் என்றான். மறுபடியும் வேண்டாம் என்றான். உடனே வட்டம் கிளம்பிவிட்டது. வீட்டுப் பிள்ளைதானே என்றாள் ஒருத்தி. ரொம்பப் பண்ணாதே என்றான் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. பிறந்தநாளைக் கெடுத்தவன் என்ற பேரை யார் வாங்குவான்? அவனை விடுங்கடா என்று நான் சொன்னேன். கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று சிரித்தார்கள்.

விரல் ஆடியது. இருப்பதிலேயே கொடுமையான காட்சியை நினைக்கச் சொன்னான் ரெம்கோ. அவள் முகம் எப்படி இருந்தது, இன்னும் கிட்டப் போங்கள், இன்னும் கிட்ட என்று தூண்டிக்கொண்டே இருந்தான். ஹார்மனின் முகம் பிசைந்த மாவு மாதிரி வெளுத்தது. வலது கை நாற்காலிக் கையைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தது. அங்கே பிரேக் இல்லை. இழுத்துக்கொண்டே இருந்தான்.

அப்போது ரெம்கோவின் போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர். “அப்படியே இருங்க அத்தான், வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பேசப் போய்விட்டான்.

அப்படியே இருப்பதா! ஹார்மன் எழுந்தான். வழியெல்லாம் முழங்கால்களும் கப்புகளும். இடறி, ஒருத்தியின் மடியில் வாந்தி எடுத்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுத மாட்டேன். வெளியே ஒருவன் கடுகு விழுது எங்கே என்று கேட்டான், சீஸைத் தொட்டுக்கொள்ள. பேச்சை முடித்து வந்த ரெம்கோ, அழுகை வந்தால் வைத்தியம் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று எல்லாருக்கும் விளக்கினான். அவன் கன்னத்தில் சீஸ் உப்பியிருந்தது.

திங்கட்கிழமை ஹார்மன் போகவில்லை. கட்டிலை விட்டே இறங்கவில்லை. அதே வாரம் ரெம்கோ ஹார்மனின் வெளுத்த முகத்தைப் படமாகத் தன் இணையப் பக்கத்தில் போட்டு, 'என் சேவை குடும்பத்திலிருந்தே தொடங்குகிறது' என்று எழுதியிருந்தான். அந்த வட்டத்தில் உட்கார்ந்து யாரோ படம் பிடித்திருக்கிறார்கள்!

மார்லூஸ் அவன் வீட்டுக்குப் போனாள். காரை நான் ஓட்டினேன். அவள் உள்ளே போகவில்லை, கோட்டைக் கழற்றவில்லை. நல்லதுதானே அக்கா நினைச்சேன் என்று அவன் தொடங்கினான்.

“காயத்தைத் திறக்கறதுக்கு ஒரு விரல் போதும்டா” என்றாள். “மூடத் தெரிஞ்சவங்கதான் வைத்தியருங்க. மூடத் தெரியாதவன் அடுத்தவங்க காயத்துல கை வைக்கக் கூடாது. வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா, சுத்தி உக்காந்திருக்கறவங்க அதைக் கேக்கணும். நானும்தான் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

எங்கள் கண் முன்னாலேயே அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கினான். வேன் மேல் இருந்த எழுத்தை எடுக்கவில்லை.

அனலீஸ் திரும்பவும் தொடங்கினார், முதலில் அந்தப் பிறந்தநாளிலிருந்து. அதுவும் இப்போது ஒரு காயம் என்றாராம். குளிர்காலம் முழுக்க ஆயிற்று. பிறகு ஹார்மன் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து போனான். அதற்கும் பிறகு தானே ஓட்டினான்.

அனலீஸிடம் அவன் கடைசி முறை போனபோது அழைத்துவர நான் போயிருந்தேன். அந்த அம்மா பொறுமையாகவே விளக்கினார். நினைப்பதையும் விரலைத் தொடர்வதையும் ஒரே நேரத்தில் மூளை தூக்க முடியாதாம், அதனால் காட்சி மங்கிப்போய்த்தான் நினைவில் திரும்பப் போய் உட்காருமாம். முழுக்கக் கேட்டேன்.

“இப்பவாவது நம்பறீங்களா சித்தப்பா?” என்றான் ஹார்மன்.

“நீ வண்டி ஓட்டறே. அது போதும். நாள் போனதுல ஆறிடுச்சுன்னு வெச்சுக்கறேன்.”

வேண்டுமானால் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்களேன் என்றார் அந்த அம்மா. படித்தவர் விரலோ படிக்காதவன் விரலோ, என் முகத்துக்கு நேரே எதுவும் ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.