ஏழாவது துண்டு

மெக்கானிக்குக்கு ஒரு கிறுக்குப் பழக்கம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்ற வந்த வண்டி எதுவானாலும் முதலில் ஒரு பழைய சட்டையை ஏழு துண்டாகக் கிழிப்பான். கழற்றிய குழாய்களின் வாயில் ஒவ்வொன்றாகத் திணிப்பான். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும், டர்போவுக்குள் இருக்கும் குட்டிச் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் எல்லாம் நாசம். வேலை முடிந்ததும் துண்டுகளை மேஜையில் பரப்பிச் சட்டையாகச் சேர்த்துப் பார்ப்பான். சட்டை முழுசானால்தான் சாவியைத் தொட விடுவான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு மட்டும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வந்திருந்தது தங்கச்சி வீட்டு வண்டி. அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரப் பயணம். தாமதமானால் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். புது டர்போவோ விடிந்ததிலிருந்து அடம் பிடித்தது. காற்று போகும் வாய் பக்கச் சுவரைப் பார்த்து நின்றது. போல்ட்டுகளைத் தளர்த்தி, டர்போவின் வெளிக்கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எண்ணெய் இறங்கும் வாய் நேர்கீழே வரும்படி வைத்து இறுக்கினான். மேல் வாயில் எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தை விரலால் சுற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"போதும் மச்சான், மணி எட்டரை. உங்க வேலைல என்ன குறை வந்துடப் போகுது" என்று தங்கச்சி புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான்.

"பாத்துப் போங்க மாப்ள."

வண்டி போய் அரை மணி நேரம் கழித்துத்தான் மேஜையைத் துடைக்க வந்தான். வந்தவன் துண்டுகளைச் சேர்த்தான். காலர், இரண்டு கை, முதுகு, வலது மார்பு, கீழ்ப்பாதி. பை வைத்த இடது மார்பைக் காணோம்.

மேஜையடி, ஸ்பேனர் பெட்டி, குப்பை எல்லாவற்றையும் கொட்டித் தேடினான். இல்லை. எண்ணெய் இறங்கும் குழாயில் அது மாட்டியிருந்தால், இறங்க வழியில்லாத எண்ணெய் காற்றுக் குழாய் வழியே இன்ஜினுக்குள் ஏறும். டீசல் இன்ஜின், அதையே குடித்துத் தன்னிஷ்டத்துக்கு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. உள்ளே இருப்பது தங்கச்சி. போனை எடுத்தான்.

"மாப்ள, வண்டிய ஓரம் கட்டுங்க. உடனே ஆஃப் பண்ணுங்க."

"நல்லாத்தானே மச்சான் போகுது?"

"சொன்னதக் கேளுங்க. நான் வரேன்."

ஸ்கூட்டரில் அவன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. பொட்டல்வெளிச் சாலை. மாப்பிள்ளை கை காட்டிக் காட்டி ஓய்ந்துபோயிருந்தான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. முகம் வீங்கிப்போய்த் தங்கச்சி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார அவளுக்குத் தெம்பில்லை.

"சட்டைல பை வச்ச துண்டக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே சுடச்சுட இருந்த இன்ஜினில் கையை விட்டான். விரல் பொசுங்கியது. எண்ணெய்க் குழாயைக் கழற்றினான், சுத்தம். காற்றுக் குழாயைக் கழற்றினான், சுத்தம். ஒவ்வொரு வாயாக டார்ச் அடித்துப் பார்த்தான். எதிலும் எதுவும் இல்லை. இப்படி ஒரு நல்ல வேலையை அவன் ஆயுளில் செய்ததில்லை.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். "நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். இனிமே நாளன்னிக்குத்தானாம்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மெக்கானிக் நிமிர்ந்தான். கண்ணில் வியர்வை எரிந்தது. பேன்ட்டின் பின்பையில் கையை விட்டு, கிடைத்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அண்ணா," என்றாள் தங்கச்சி, "அந்தத் துணில சட்டைப் பை இருக்கே."

கையைப் பார்த்தான். கடைசி போல்ட்டை இறுக்கியபின் விரலைத் துடைத்துப் பின்னால் செருகியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"விடுண்ணா," என்றாள் அவள். "குழாயெல்லாம் மாட்டு, வீட்டுக்குப் போவோம். ரெண்டு நாளைக்குக் குடிக்கிற தண்ணியக் குறைச்சுக்கிட்டாப் போச்சு."

சொல்லிவிட்டு, மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.