உளுந்து தூக்கிய வீடு

ஊரப்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் ரெபேக்காளின் வீடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்றடி மேலே எழும்பியது. ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை, உளுந்து மாவு தூக்கியது. அந்த வாரம் கத்திரிக்காய் விலை ஏறியதையும் வீடு ஏறியதையும் தெருக்காரர்கள் இன்றும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். கத்திரிக்காய் பிறகு இறங்கிவிட்டது, வீடு இறங்கவில்லை.

கட்டும்போது அது தெருவைவிட இரண்டு படி உயரமாகத்தான் இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, முதலில் ஒரு படி போனது, பிறகு இன்னொரு படி போனது, கடைசியில் வீடு பள்ளத்தில் உட்கார்ந்து ரோட்டை அண்ணாந்து பார்த்தது. நாலு தூறல் விழுந்தால் கூடத்தில் முழங்கால் தண்ணீர். ரெபேக்காளின் அப்பா சின்னையன் திருப்போரூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, ஒரு சாண் மண்கூடச் சொந்தமில்லாமல் முதுகு வளைந்தவர். பத்திரத்தில் மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்த அன்று அவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால் வீட்டை விற்கலாம் என்று யாராவது வாயெடுத்தாலே ரெபேக்காளுக்கு வயிறு எரியும். புருஷன் ஜெபக்குமார் நல்லவன்தான், மறைமலை நகரில் கம்பெனி வேலை. ஆனால் வருஷா வருஷம் சகதி வாரி வாரி அவனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் அலமாரியிலிருந்த மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், இட்லி மாவு என்று பாக்கெட் அத்தனையும் ஜன்னல் வழியே வரிசை கலையாமல் வண்டலூரைப் பார்த்து மிதந்து போயின. கடைகளும் திறக்கவில்லை. "காசு குடுத்து வாங்குனது ஒன்னும் நிக்கல. இனிமே என் கையால பண்ணதுதான் இந்த வூட்ல" என்றாள் ரெபேக்காள். குடுவாஞ்சேரி கிளினிக்கில் பில் போடும் வேலைக்குப் போய்வந்துகொண்டே சொன்னபடி செய்தாள். மிளகாயையும் தனியாவையும் மாடியில் காயவைத்து அரைத்தாள், வடகம் உருட்டினாள், புளியைக் கொட்டை எடுத்து உப்போடு ஜாடியில் அமுக்கினாள். எல்லாம் சொன்ன பேச்சு கேட்டன. இட்லி மாவு மட்டும் கேட்கவில்லை. காலையில் திறந்தால் அரைத்து வைத்த அளவிலேயே கிடக்கும். பக்கத்து வீட்டு அம்சா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மாவு இன்னும் தூங்கிகினு கீது? ஒனக்குக் கை சூடு பத்தல" என்று சிரித்தாள். ரெபேக்காளுக்கு அவமானமாக இருந்தது, ஆனால் பாக்கெட் வாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவள் மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது, மனை புரோக்கர் ஸ்டான்லி கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு விலை பேசினான். அவளுடைய வயிற்றெரிச்சல் தோள் வழியாகக் கைக்கு இறங்கியது. பாத்திரத்தை மூடி, அதன்மேல் வழக்கம்போல் கல் யானையை வைத்தாள். அது மாமல்லபுரத்தில் சிற்பவேலை செய்யும் அண்ணன் சாலமோன், தும்பிக்கை உடைந்துவிட்டதென்று அவளுக்குத் தந்தது. மறுநாள் காலை யானை மேலே சீலிங் ஃபேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் மூடி, மூடிக்கு அடியில் மாவு. அன்று முதல், விற்கிற பேச்சு நடந்த மறுநாள் இட்லி பஞ்சாக வரும், மற்ற நாளில் தட்டையாக வரும். ஜெபக்குமார் காரணம் தெரியாமல், "இட்லி சூப்பரா கீது ரெபேக்கா" என்று மெச்சிவிட்டு, கையோடு விற்கிற பேச்சையும் எடுப்பான். இப்படி நாலைந்து வருஷம் போயிற்று.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கே இட்லி போடுவதாக ரெபேக்காள் ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரிய டிரம் நிறைய மாவு அரைத்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. கூடவே ரெயின்கோட்டோடு ஸ்டான்லியும் வந்தான், கையில் ஒப்பந்தம்.

"அண்ணாத்த, இப்பவே நீ மொதல்ல கையெழுத்து போட்ரு, அக்காகிட்ட அப்பறம் வாங்கிக்கலாம். அடுத்த மழைக்கு இந்த வெலையும் கெடைக்காது."

ஜெபக்குமார் பேனாவைத் திறந்தான். சமையலறையில் கையை முழங்கை வரைக்கும் மாவில் விட்டிருந்த ரெபேக்காள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போடுங்க," என்றாள். "எங்கப்பா தடவிப் பாத்த பேரு மேலயே போடுங்க." டிரம் சூடேறியது. மழைக்காலத்தில் மாவு புளிக்காது என்பார்கள், அது மற்றவர்கள் மாவு. ரெபேக்காளின் மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து, பழைய வெள்ளத்தில் வெடித்த டைல்ஸ் இடுக்கில் புகுந்து, வீட்டுக்கு அடியில் போய் அங்கே நிதானமாகப் பொங்கியது. வீடு குலுங்கவில்லை, சுவரில் ஒரு கீறல் விழவில்லை. இட்லித் தட்டில் இட்லி உப்புவதுபோல் மெதுவாக எழும்பியது. கூடத்துத் தண்ணீர் முழுக்க வாசல் வழியாக வெளியே கொட்டியது, ஸ்டான்லியின் செருப்பும் அதோடு போனது. ஜெபக்குமார் ஜன்னல் வழியே ரோட்டைக் குனிந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அதைக் குனிந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிவிட்டு, வெறுங்காலோடு நின்ற ஸ்டான்லி குதித்து இறங்க ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டான். ரெபேக்காள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மீந்த மாவு மறுநாள் சர்ச்சில் அத்தனை பேருக்கும் போதுமானதாக இருந்தது.

சாலமோன் மாமல்லபுரத்திலிருந்து கருங்கல் படிகள் கொண்டுவந்து வைத்தான். பிறகும் ரோடு போட்டார்கள். தெருவில் தார் வாசனை வந்தால் ரெபேக்காள் உளுந்து ஊறப் போடுவாள், அந்த வாரத்துக்குள் வீடும் தேவையான அளவு ஏறிக்கொள்ளும். சாலமோன் இன்னொரு படி வைத்துவிட்டுப் போவான். போன ஐப்பசியில் ஸ்டான்லி கையில் தூக்குவாளியோடு அந்தப் படிகளில் ஏறி வந்தான். அவன் வீடும் பள்ளத்துக்குப் போய்விட்டதாம்.

ரெபேக்காள் வாளி நிறைய மாவு ஊற்றினாள். "கரண்டி போடாத, கையால கலக்கு. கலக்கும்போது இந்த வூட்ட வித்துடச் சொன்னவன நெனச்சிக்கோ."

"அது நான்தானக்கா?"

"தெரியும். மூஞ்சிய நல்லா நெனச்சிக்கோ."

ஸ்டான்லியின் வீடு இரண்டடிதான் ஏறியது, தன் மூஞ்சி மேல் அவனுக்கு அவ்வளவுதான் எரிச்சல் வந்ததாம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அவன் மனைவிக்கு அதுவே போதும்.