ஆறேகாலுக்குத் திறந்த கதவு

“சத்தியமா நான் திறக்கல மாமா. ஒன்னு நாற்பதுக்கு நான் கேன்டீன்ல இருந்தேன்.”

“யாராவது பார்த்தாங்களா?”

“பசியில தட்டைப் பார்ப்பேனா, சாட்சி தேடுவேனா?”

என் மனைவியின் தம்பிக்குக் கழுத்துக்கு மேல் கத்தி தொங்கினாலும் வாய் அடங்காது. நாங்கள் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கின் குளிர் அறைச் சாவி மதியம் பன்னிரண்டு மணிக்குமேல் அவனிடம்தான் இருக்கும். நேற்று அந்தக் கதவு முக்கால் மணி நேரம் திறந்தே கிடந்ததில் இருநூறு பெட்டி தடுப்பூசி வீணாகிவிட்டது. திறந்த நேரம் மதியம் 1:40 என்று கதவுப் பதிவுத் திரை காட்டியது. ஐந்து மணிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் வேலை போய்விடும்.

நான் அவனை நம்பவில்லை. போன மாதம் என் பைக்கைக் கீறிவிட்டுப் பூனை மேல் பழி போட்டவன். நேரத்தைப் பதியும் நிரலோ நானே எழுதியது.

“வா, உன் முன்னாடியே திறந்து காட்டுறேன்.”

கதவை இழுத்தேன். கைக்கடிகாரத்தில் மூன்றேகால். திரையில் புதிய வரி ஒன்று வந்து நின்றது: மாலை 6:15.

இன்னும் வராத ஒரு மாலைக்குள் யாரோ எங்களுக்கு முன்பே போய் அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பதுபோல் இருந்தது.

“ஆறேகாலுக்கும் நான்தான் திறந்தேனா மாமா?”

நிரலைத் திறந்து பார்த்தேன். நாங்கள் பிழைக்க வந்திருக்கும் இந்த வளைகுடா ஊர் உலகப் பொது நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு நேரத்தின் வாலிலும் +03:00 என்று வந்திருக்க வேண்டும். நான் அங்கே ஒரு Z எழுத்தை மேற்கோளுக்குள் போட்டிருந்தேன். மேற்கோளுக்குள் இருப்பதைக் கணினி யோசிக்காது, அப்படியே எழுதிவிடும். Z என்றால் பொது நேரம். திரை அதை நம்பி, எங்கள் ஊர் நேரத்தோடு இன்னொரு மூன்று மணியைக் கூட்டியிருக்கிறது.

அப்படியானால் நேற்று கதவு திறந்தது காலை 10:40.

காலையில் சாவி என் மனைவியிடம் இருக்கும். இங்கே அவள் மருந்தாளுநர்.

மச்சினன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு அக்கா வேலை செய்யும் மேல்மாடியை அண்ணாந்து பார்த்தான்.

இன்று காலை என் மனைவி தலை வாரிக்கொண்டே, “திரையில வர்ற நேரம் தப்பாகாதுல்ல?” என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. தப்பாகவே ஆகாது என்று பெருமையாகச் சொன்னேன்.

கைபேசி அதிர்ந்தது. மேல்மாடியிலிருந்து அவள்தான்.

“என்னங்க, ஆறேகால்னு என் திரையிலயும் வந்துச்சு.” குரல் தணிந்திருந்தது. “தம்பி பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான்.”

அவள் இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

“அவனுக்கு வேற வேலை கிடைச்சுடும்ங்க. எனக்கு லைசென்ஸே போயிடும். சாயங்காலம் வரைக்கும் அந்தத் தப்பை அப்படியே விட்டு வைக்கிறீங்களா?”