மூன்றாம் வகுப்பில் ஓர் ஆணி

கண்ணாடிக்காரர் கடையில் பேச்சுச் சத்தமே கேட்காது, செல்லங்களா. அந்த வேலை அப்படி. கண்ணாடி வெட்டும் வைரமுனையை மேலே வைத்தால் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். நடுவில் கை தயங்கினால் கோடு கோணும். கோடு கோணினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அதனால் வாயை மூடிக்கொண்டு வெட்டிப் பழகியவர் அவர்.

ஆனால் ஒரு காலத்தில் அதே கடையில் ஓயாத பேச்சு இருந்தது. பேசியது அவருடைய மகள். குட்டையாக, உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பாள். பட்டாணி என்று பேர் வைத்தவரும் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, அவர் வைரமுனையைக் கையில் எடுக்கும் வரை காத்திருந்து, எடுத்ததும் ஆரம்பிப்பாள்: "அப்பா, எறும்பு தூங்குமா?"

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

அவர் மனைவி ஆறு மாதம் தாக்குப்பிடித்தாள். "இந்த வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ செருப்புச் சத்தம் கேக்குது" என்று சொல்லி, வேறு ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" "ம்." அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

மற்றபடி அவரிடம் வந்து பேசிய ஒரே ஆள் மூன்றாம் வகுப்பு டீச்சர். பட்டாணியின் பையையும் நோட்டுகளையும் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர், அடுத்த வெள்ளியும் வந்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எவன் யார் ரப்பரைக் கடித்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். பட்டாணி பேச்சை இருவரும் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு டீக்காகத்தான் அவருக்கு ஒரு வாரம் நகர்ந்தது.

கண்ணாடிக்காரருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள் சட்டையை மாற்றிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனார்.

"ஒரு சின்ன போட்டோதான், பெரிய டீச்சர். மூணாம் வகுப்புல, அவ உட்கார்ந்த பெஞ்சுக்கு நேரா மாட்டினாப் போதும்."

"உங்க மனசு புரியுதுங்க. ஆனா தனி ஆள் நினைவா வகுப்புல எதையும் மாட்டக் கூடாதுன்னு விதி இருக்கே. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. வேணும்னா ஒரு ஃபேன் வாங்கிக் கொடுங்க. பேர் மட்டும் போட முடியாது."

"பேரில்லாத ஃபேன்ல அவ எங்க டீச்சர் இருப்பா?"

தலைமை ஆசிரியை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. 'இறைவன் நம்மோடு இருக்கிறான்' என்ற வாசகத்தை யாராவது ஃபிரேம் போட்டு நன்கொடையாகக் கொடுத்தால், அரசுப் பள்ளி அதை மறுக்கக் கூடாது. வகுப்பறையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். அவ்வளவுதான், ஊர் இரண்டாகிவிட்டது. முடி வெட்டும் கடையில் பாதி முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். "நல்ல வார்த்தைதானே, அது எழுந்து வந்து யாரைக் கடிக்கப்போகுது?" என்றது ஒரு கட்சி. "உங்க வீட்ல சொல்லிக்கொடுங்க, யாரு வேணாங்கறா? எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான சுவத்துல எதுக்கு?" என்றது இன்னொன்று.

மூன்றாம் வகுப்பு டீச்சர் இரண்டாவது கட்சி. வெளிப்படையாகவே சொன்னார். "என் வகுப்புல மூணு விதமாக் கும்பிடுற பிள்ளைங்க இருக்கு. கும்பிடாத வீட்டுப் பிள்ளையும் இருக்கு. யாரோட இறைவன் டீச்சர்னு ஒண்ணு எந்திரிச்சுக் கேட்டா நான் யாரைக் காட்டுவேன்?"

கண்ணாடிக்காரர் எந்தக் கட்சியும் இல்லை. ஆஸ்பத்திரி நடையில் பதினோரு நாள் அவரும் இறைவனைக் கூப்பிட்டுப் பார்த்தவர்தான். அதற்கப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஆனால் உத்தரவைப் படித்த அன்று கடையை மத்தியானமே சாத்தினார். அந்த வாசகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து வாங்கிவந்தார். கண்ணாடி, அதன் பின்னால் வாசகம், அதன் பின்னால் கெட்டி அட்டை என்று ஒழுங்காகப் பூட்டினார். பிறகு பட்டாணியின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழியாமல் எடுத்து, எழுத்து சுவரைப் பார்க்கும்படி அட்டையின் முதுகில் வைத்து, மேலே பழுப்புத் தாளை ஒட்டி மூடினார். வாசகத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் அட்டையாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

போட்டோவை மாட்டக் கூடாது என்ற அதே தலைமை ஆசிரியையால் இதை மறுக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினார்கள். பட்டாணி வகுப்புக்குள் போய்விட்டாள். அது கண்ணாடிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். முக்காலியில் உட்காரவில்லை.

"நீங்களா அண்ணே?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊர்ல யாரு கொடுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். உங்ககிட்ட எப்படிப் போடுறது? ஏன்னாவது சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது, டீச்சர் போய்விட்டார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. கண்ணாடிக்காரர் மட்டும் வெள்ளிதோறும் இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றைக் கழுவாமலே எடுத்து வைத்தார்.

டீச்சருக்குப் பதிலாக வந்து சேர்ந்தவர் மருந்துக்கடைக்காரர். முதல் கட்சிக்குத் தலைவர். "தம்பி, ஊருக்கே வழி காட்டிட்டீங்க!" என்று நடுத்தெருவில் கட்டிப்பிடித்தார். கண்ணாடிக்காரர் கையில் பாதி வெட்டிய கண்ணாடி இருந்தது. "பாத்து, குத்திடும்" என்றார்.

தினமும் காலையில் கடைக்குப் போகும் வழியில், பள்ளி வேலியோரம் நின்று அந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஃபிரேம் தெரியும். ஒரு நிமிடம் நிற்பார், போவார். ஒரு நாள் பார்த்தால் வாசகம் இல்லை. ஆணி இருக்கிறது, ஃபிரேமும் இருக்கிறது. ஆனால் பழுப்பாகத் தெரிந்தது. டீச்சர் அதை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்.

அவருக்குக் கோபம் வரவில்லை, கண்ணுகளா. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டாணி இப்போது வகுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். நடுவில் ஒரு மெல்லிய தாள்தான்.

அன்று மத்தியானமே மருந்துக்கடைக்காரர் ஒரு கடிதத்தோடு வந்துவிட்டார்.

"கையெழுத்து போடுங்க தம்பி. கொடுத்தவர் புகார் கொடுத்தாத்தான் விசாரணைக்கே எடுப்பாங்களாம். அந்தம்மாவை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிடலாம்."

"போடலேன்னா?"

"இதென்ன கேள்வி? போடலேன்னா உங்க ஃபிரேம் எதுக்கு? அதை எடுத்துட்டு எங்களுது ஒண்ணை மாட்டுவோம். ரெடியா இருக்கு. நாளைக்குச் சாயந்திரம் இதுக்குன்னே பள்ளிக்கூடத்துல ஊர்க் கூட்டம், அங்க வெச்சுப் போட்டாலும் சரி. பேனா நான் கொண்டுவரேன்."

கையெழுத்துப் போட்டால் ஃபிரேம் அங்கேயே இருக்கும், டீச்சர் போய்விடுவார். போடாவிட்டால் டீச்சர் இருப்பார், பட்டாணி வெளியே வந்துவிடுவாள். அந்த ஒரு நாள் முழுக்க அவர் வைரமுனையைத் தொடவில்லை.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம் பேச்சு. மணி அடிக்க ஒரு கிளார்க்கு. இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். கண்ணாடிக்காரரை மைக் முன்னால் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பேசுவது என்றுகூடத் தெரியவில்லை.

"ஃபிரேம் கொடுத்தது நான். எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்றார். அதோடு, "திருப்பினது திருப்பினபடியே இருக்கட்டும்" என்றார்.

"தம்பி, கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யோவ், அப்போ எதுக்குய்யா கொடுத்தே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடுத்த வாரம் அவரே வந்து மறுபடி திருப்புவாரு பாரு. ரெண்டு பக்கமும் வெந்தாத்தானே தோசை" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேலி. இரண்டு கட்சியும் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கத்து நாற்காலி காலி. அந்தப் பக்கத்து நாற்காலியும் காலி. டீச்சர் எதிர் வரிசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

சொன்னபடியே செய்தார்கள். இரண்டு நாளில் அவருடைய ஃபிரேம் இறங்கியது. புது ஃபிரேமை நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கினார்கள், இனி எவராலும் திருப்ப முடியாதபடி.

வெள்ளிக்கிழமை டீச்சர் பழைய ஃபிரேமைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"உங்களுதுதானே, குப்பையில போட மனசு வரல. திருப்பினதுக்கு மன்னிச்சுக்கோங்க அண்ணே. எனக்காகத்தான் கையெழுத்து போடலேன்னு தெரியும். ஆனா ஏன் கொடுத்தீங்கன்னு இன்னும் புரியல."

அவர் ஃபிரேமை வாங்கி மேசையில் கவிழ்த்தார். பழுப்புத் தாளின் ஓரத்தில் கத்தியை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

பெரிய பெரிய எழுத்து. 'எங்கள் அப்பா கண்ணாடி வெட்டுவார். கண்ணாடி வெட்டும்போது பேசக் கூடாது. நான் பேசுவேன். அப்பா திட்ட மாட்டார்.' கீழே சிவப்பு மையில்: 'நன்று. கோட்டுக்குள் எழுது.'

டீச்சர் தன் சொந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க வாயைத் திறந்திருக்க மாட்டீங்க டீச்சர். உங்களுக்கு நியாயம்னு பட்டதைப் பேசாம இருந்திருப்பீங்க. எனக்காக ஒருத்தர் ஊமையாகணுமா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பதையும், பிள்ளைகள் எழுதியதை எல்லாம் அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதையும் சொன்னார். "பிள்ளைங்க எழுதினதுக்கு எந்த விதியும் குறுக்க வராது. ஆனா அது ஒரு மாசம்தான். மாசக் கடைசியில அவங்கவங்க பக்கம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"ஒரு மாசம்" என்று மட்டும் சொன்னார் அவர். பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்க வேலியோரம் நின்றார். முப்பது தாள் காற்றில் ஆடும். எது அவளுடையது என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. தெரியாவிட்டாலும் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போவார்.

மாதக் கடைசியில் பக்கம் வீடு வந்துவிட்டது. மேல் மூலையில் கிளிப் கடித்த தடம். நடுவில், 'நான் பேசுவேன்' என்ற இடத்தில், யாரோ ஒரு பிள்ளையின் அழுக்குக் கட்டைவிரல் ரேகை.

நாள் முழுக்கக் கண்ணாடியிலிருந்து விரல் தடம் துடைப்பதுதான் அவருடைய பிழைப்பு. அதை மட்டும் அவர் துடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடியும் போடவில்லை. மேசைக்கு எதிரே ஓர் ஆணி அடித்து, வெறும் தாளாகவே மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார். "ஒண்ணு படிக்கிறேன், கேக்கறியா?" என்றார்.