குழலுக்குள் இறுகிய குண்டு

தகுதிச் சுற்றுக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, ஆரணியின் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயக்குண்டு இறுகிப்போனது. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கி அது. பதற்றத்தில் மருந்தைப் போட மறந்து குண்டை இடித்திருந்தாள். நோர்வே அணிக்குள் நுழைய அவளுக்கு இருந்த ஒரே வாய்ப்பு அன்றுதான்.

கணவன் சயூரன் ஒஸ்லோவுக்குக் காரை விரட்டினான். அங்கே துப்பாக்கிக் கடையில் அவள் குண்டைத் துளைத்து இழுக்கும் திருகாணியைத் தேடி எடுத்தாள். குண்டு இடிக்க அவளிடமிருந்த மரக்கோலில் அது பொருந்தவில்லை.

"இந்த இரும்புக் கோல் பொருந்துது, எடும்" என்றான் சயூரன்.

"அது குழலை உள்ளுக்குத் தேய்ச்சுப்போடும்."

"வேறை வழி?"

குழல் வாயில் மாட்டும் பித்தளைக் காப்பு ஒன்று கண்ணில் பட்டது. கோல் குழலில் உரசாமல் அது காக்கும். அதையும் இரும்புக் கோலையும், கூடவே துடைக்கும் பருத்தித் துணிகளையும் வாங்கினாள்.

போட்டித் திடலுக்குத் திரும்பியதும் சயூரன் துப்பாக்கியை இறுகப் பிடிக்க, அவள் திருகாணியைக் குண்டுக்குள் முறுக்கிக் கோலை இழுத்தாள். திருகாணி இரண்டு முறை ஈயத்தைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்தது. அடுத்த முறை குண்டு வெளியே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இலக்குத் தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதாம்" என்றான் அவன் மெதுவாக. "வீட்டை போவம்."

"காருக்கை இருங்கோ. காலமை பழகச் சுட்ட கரி உள்ளுக்குக் கிடக்குது, விட்டால் துருப்பிடிக்கும்."

துணியைக் கோலில் சுற்றிக் குழலுக்குள் செலுத்தினாள். கண்ணீர் வழிய வழியத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.