ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோடுகள்

...எடுங்க, யாராவது எடுங்க, ஜிகிஷா ஆய்வகத்திலிருந்து மறுபடி உலர்த்தி அறையின் எண்ணை அழுத்தினாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, குஜராத்தின் இந்த வாபியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்தத் தொழிற்சாலையில் யார் போனை எடுப்பார்கள், ஆனால் உலர்த்திக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாதே, உள்ளே டன் கணக்கில் நைட்ரோ தூள் சூடேறிக்கொண்டிருக்கிறது, அறிக்கையில் அவள் போட்ட கையெழுத்தை நம்பி... திரையில் மூன்று மாதிரிகளின் சிதைவு வேகம், மூன்று கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரிந்தன, அந்தச் சரிவிலிருந்துதான் தூள் சிதையத் தேவையான கிளர்வுறு ஆற்றல், நூற்று முப்பது கிலோஜூல், பிழை கூட்டல் கழித்தல் இரண்டு. காலையில் இதைப் பார்த்துவிட்டு மேலாளர் பூபத்பாய், "வாஹ் ஜிகிஷாபென், ரெண்டுதானா! நம்ம கேன்டீன் பருப்புல உப்புகூட இவ்வளவு சரியா இருக்காதே" என்று சிரித்தார், அவளும் சிரித்தாள், பிறகு ஏன் அந்தக் கோடுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்?

பிழை இரண்டுதான் என்றால் உலர்த்தியின் சூட்டில் தூள் இரண்டு நாள் தாங்கும், வெடிக்காது. இருபது என்றால்? அளந்ததெல்லாம் நூற்றெண்பது டிகிரிப் பக்கம், உலர்த்தி ஓடுவது எண்பதில், அவ்வளவு தூரம் கோட்டை இழுத்துக்கொண்டு போகையில் சரிவு கொஞ்சம் பிசகினாலும்... ஒரு ஷிப்டுகூடத் தாங்காது. தனித்தனியாகச் செய்த மூன்று தயாரிப்பு, ஒன்றில் ஈரம் அதிகம், ஒன்றில் அமில மிச்சம், எப்படி இத்தனை ஒற்றுமை? கருவி கெட்டுவிட்டதா, நேற்றுதானே சரிபார்த்தேன், அப்படியானால்...

"என்ன பென், தேப்லா ரொட்டி இன்னும் வாயில இருக்கு." மறுமுனையில் தன்சுக், மாதிரி எடுத்துத் தருகிறவர்.

"உலர்த்தியை நிறுத்துங்க தன்சுக்பாய்."

"பூபத்பாய் என் தோலை உரிச்சிருவாரு! உங்க ரிப்போர்ட்தானே சுவத்துல ஒட்டியிருக்கு, ரெண்டு நாள் தாங்கும்னு?"

"அந்த மூணு பாட்டில்... மூணு தயாரிப்புலேர்ந்தும் தனித்தனியாத்தானே எடுத்தீங்க?"

தன்சுக் அவசரமாக விழுங்கினார்.

"திட்டாதீங்க பென். போன தடவை மூணும் மூணு மாதிரி வந்துச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்களே, அதான்... உங்க நல்லதுக்குத்தான்... மூணையும் ஒரே மூட்டையிலேர்ந்து அள்ளிட்டேன்."

அப்படியானால் அந்த இரண்டு? ஒரே தூளை மூன்று முறை அளந்ததில் வந்த கருவியின் சின்னத் தடுமாற்றம், அவ்வளவுதான், தூளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உண்மையான பிழை பத்தா, இருபதா, யாருக்குத் தெரியும், ஒரு மூட்டையைத்தான் அளந்திருக்கிறாள், மற்ற இரண்டு தயாரிப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது...

"இப்ப உலர்த்தியில ஓடறது எது தன்சுக்பாய்? நீங்க அள்ளின மூட்டைதானே?"

"அது இன்னும் குடோன்லயே இருக்கு பென். உள்ள போயிருக்கறது மத்த ரெண்டும்."